குளிர் ஊரில் கேஸ் அடுப்பு: புதிதாகப் பற்ற வைப்பவர்களுக்கு

மிலாறும் (வெட்டிக் காய்ந்த தேயிலைக் குச்சி) விறகும் எரித்துப் பழகிய வீட்டுக்குக் கேஸ் அடுப்பு வந்தால், பழைய பழக்கங்களும் கூடவே வந்துவிடும். விறகு அடுப்பில் ஏதாவது சரியில்லை என்றால் புகை வந்து கண்ணைக் கரிக்கும். கேஸ் கசிவது கண்ணுக்குத் தெரியாது. அதனால் கீழே சொல்லும் வேலைகளில் பாதி, தீக்குச்சியைக் கிழிப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியவை.

சிலிண்டருக்கு இடம்

சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தரையாகப் பரவி, பள்ளமான இடத்தில் தேங்கி நிற்கும். ஆகவே சிலிண்டரை வடிகால் கானுக்குப் பக்கத்திலோ, கதவு போட்ட அலுமாரிக்குள்ளோ வைக்க வேண்டாம். சமதரையில் நிமிர்த்தி வையுங்கள். அடுப்பு அதைவிட உயரமாக, சீமெந்துத் திண்டிலோ உறுதியான மேசையிலோ இருக்கட்டும்.

தேயிலைத் தோட்டத்து லயத்துக் காம்பராவில் (வரிசை வீட்டு அறையில்) அடுப்படியே சின்னது, விறகு அடுப்பும் அங்கேதான் எரியும். இரண்டையும் ஒரே மூலையில் வைப்பதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். இடமே இல்லை என்றாலும் சிலிண்டர் எதிர்ச்சுவரில், வெளிக்கதவுப் பக்கமாக இருக்க வேண்டும். இரண்டு அடுப்பையும் ஒரே நேரத்தில் எரிக்கவும் வேண்டாம். இன்னொன்று, மழைக் காலத்தில் அடுப்புக்கு மேலே கம்பி கட்டித் துணி காயப்போடுகிறோமே, அந்தக் கம்பியை இன்றைக்கே கழற்றிவிடுங்கள்.

பொருத்திவிட்டு, நுரை பூசுங்கள்

சிலிண்டர் வாங்கும்போது சீல் உடையாமல் இருக்கிறதா பாருங்கள். வெறும் சிலிண்டரின் எடை அதன் மேலேயே பொறித்திருக்கும். தராசு இருக்கும் கடை என்றால் நிறுத்துக் கேளுங்கள். மொத்த எடையில் அதைக் கழித்தால், பெரிய சிலிண்டருக்கு 12.5 கிலோ வர வேண்டும். கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை, காசு நம்முடையது. ஆட்டோவில் கொண்டு வரும்போதும் படுக்க வைக்காதீர்கள்.

சிலிண்டர் வாயில் மாட்டும் ரெகுலேட்டர் அந்தச் சிலிண்டருக்கு உரியதாக இருக்க வேண்டும். மூடிய நிலையில் வைத்து அழுத்தினால் 'டக்' என்று உட்காரும். பிறகு மெதுவாக மேலே இழுத்துப் பாருங்கள், கழன்று வரக் கூடாது. குழாயின் இரண்டு முனையிலும் கிளிப் இறுக்கமாக இருக்கட்டும். குழாயை லேசாக வளைத்தால் வெடிப்புத் தெரிகிறதா? தெரிந்தால் டேப் சுற்றிச் சமாளிக்காமல் புதிதாக மாற்றுங்கள்.

அப்புறம் ஒரு கோப்பைத் தண்ணீரில் சவர்க்காரத்தைக் கரைத்து நன்றாக நுரை எழுப்புங்கள். அடுப்பின் திருகுகள் மூடியிருக்க, ரெகுலேட்டரை மட்டும் திறந்து, சிலிண்டர் வாய், குழாய் முனைகள், அடுப்பில் குழாய் சேரும் இடம் என்று எல்லாவற்றிலும் நுரையைப் பூசுங்கள். கொஞ்ச நேரம் பாருங்கள். கசிவு இருந்தால் அந்த இடத்தில் குமிழி ஊதி ஊதிப் பெரிதாகும். உடனே ரெகுலேட்டரை மூடிவிட்டு, கடைக்காரரைக் கூப்பிடுங்கள். தீக்குச்சி பிடித்துக் கசிவு பார்க்கும் ஆட்களை அடுப்படிப் பக்கமே விடாதீர்கள்.

2021 கடைசியில் இலங்கை முழுக்க அடுப்பு வெடித்த செய்திகள் வந்தது நினைவிருக்கும். கேஸில் உள்ள பியூட்டேன், புரொப்பேன் கலவையை மாற்றியதுதான் அப்போது பெரிதாகப் பேசப்பட்டது. புரொப்பேன் கூடினால் சிலிண்டருக்குள் அழுத்தமும் கூடும், தளர்ந்த இணைப்பு அதைத் தாங்காது. கலவை நம் கையில் இல்லை. நுரை பூசிப் பார்ப்பது நம் கையில்தான் இருக்கிறது, ஒவ்வொரு சிலிண்டர் மாற்றும்போதும்.

பற்ற வைப்பது

அடுப்படிக்குள் போனதும் முதல் வேலை கதவைத் திறப்பது. ஜன்னல் திறந்தாலும் நல்லதுதான், ஆனால் கேஸ் தரையில் கிடக்கும் என்பதால் கதவு வழியாகத்தான் சுலபமாக வெளியேறும். மணம் எதுவும் இல்லை என்றால் ரெகுலேட்டரைத் திறங்கள். தீப்பெட்டி என்றால் குச்சியை முதலில் கொளுத்தி பர்னர் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, அதன் பிறகு திருகைத் திறக்க வேண்டும். சில விநாடிகளில் பற்றவில்லையா, மூடுங்கள். சில நிமிடம் காற்றாட விட்டுவிட்டு மறுபடி பாருங்கள்.

தீ நீலமாக இருக்க வேண்டும். மஞ்சளாக எரிந்து சட்டியின் அடி கறுத்தால், பெரும்பாலும் பால் பொங்கி பர்னர் துளை அடைத்திருக்கும். ஆறிய பிறகு கழற்றிக் கழுவி, நன்றாக உலர்த்திப் போடுங்கள். கேத்தலை வைத்துவிட்டுக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு ஓடிப் போய் வந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். தண்ணீர் பொங்கித் தீ அணைந்தாலும் கேஸ் வந்துகொண்டே இருக்கும். தாச்சியில் எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. அடுப்பின் திருகை மூடி, தாச்சியைத் தட்டால் மூடி, அப்படியே ஆற விடுங்கள்.

பனிக்காலக் காலை

தை, மாசியில் நுவரெலியாப் பக்கம் புல்லில் வெள்ளையாகப் பனி உறையும் நாட்களில் தீ சோர்ந்து எரியும். கேஸ் முடிந்துவிட்டது என்று பலர் நினைப்பார்கள். உள்ளே இருப்பது திரவம், அது ஆவியாகி வந்தால்தான் அடுப்பு எரியும். பியூட்டேன் கிட்டத்தட்ட 0 பாகை செல்சியஸில்தான் கொதிக்கும். குளிர் அந்த அளவுக்கு நெருங்கினால் ஆவி குறைந்து அழுத்தமும் விழும். பாதிக்கு மேல் காலியான சிலிண்டரில் இது இன்னும் நன்றாகத் தெரியும்.

இதற்காகச் சிலிண்டரைப் படுக்க வைத்தால் திரவமே ரெகுலேட்டருக்குள் போய்விடும், பிறகு தீ எகிறும். கொதிநீர் ஊற்றுவதும், விறகு அடுப்புப் பக்கம் நகர்த்திச் சூடு காட்டுவதும் அதைவிட மோசம். வெயில் ஏறும் வரை ஒரு பர்னரோடு சமாளியுங்கள், பிளேன்டீக்கு அது போதும்.

குளிர் காய்வதற்காகக் கதவைச் சாத்திக்கொண்டு கேஸ் அடுப்பை எரிய விடுவதும் இங்கே நடக்கிறது. மூடிய அறையில் காற்றுப் போதாமல் எரிந்தால் கார்பன் மொனொக்சைட் சேரும். அதற்கு மணமே கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். கம்பளியைப் போர்த்திக்கொள்ளுங்கள்.

மூடுவது

இரவில் ரெகுலேட்டரை முதலில் மூடுங்கள். குழாயில் மிச்சமிருப்பது எரிந்து தீ தானாக அணையும், அதன் பிறகு அடுப்புத் திருகு.

மணம் வந்தால்

கேஸுக்கு இயல்பில் மணமில்லை. கசிவு தெரியட்டும் என்றுதான் அழுகிய கோவா (முட்டைக்கோஸ்) மாதிரி நாறும் பொருளைக் கலக்கிறார்கள். அந்த மணம் வந்தால் லைட் சுவிட்சைத் தொடாதீர்கள், போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். சின்னப் பொறி போதும். எட்டினால் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு, பிள்ளைகளோடும் பெரியவர்களோடும் வெளியேறுங்கள். சுவர் ஒட்டிய அடுத்த காம்பராக்காரர்களையும் குரல் கொடுத்துக் கூப்பிடுங்கள், அவர்கள் வீட்டிலும் அடுப்பு எரிந்துகொண்டிருக்கலாம். ஃபோனை வெளியே தள்ளிப் போய்த்தான் எடுக்க வேண்டும். தீயணைப்புக்கு 110, பொலிஸுக்கு 119. யாருக்காவது சுட்டுவிட்டால் பற்பசையும் எண்ணெயும் பூசாமல் 20 நிமிடம் ஓடும் குழாய்த் தண்ணீரில் பிடியுங்கள், 1990 க்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.