நியான் விளக்கும் டெலிகாஸ்டரின் இரைச்சலும்

டெக்சாஸின் ஆஸ்டின் நகரில் புதிதாகத் திறந்த ஒரு ஹாங்கி டாங்க் மதுக்கூடத்தில் எங்கள் கன்ட்ரி இசைக்குழு வாசித்த இரவில், ஒலிச்சோதனையின்போதே என் டெலிகாஸ்டர் கிதாரிலிருந்து ஓயாத இரைச்சல் எழுந்தது. கம்பியின் அதிர்வை மின்சைகையாக்கும் காந்தச் சுருளே பிக்கப். என் கிதாரில் உள்ளது போன்ற ஒற்றைச் சுருள் பிக்கப், கம்பியின் அதிர்வோடு அருகிலுள்ள மின்மாற்றிகளின் காந்தப்புலத்தையும் சேர்த்தே வாங்கிக்கொள்ளும். அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் என்பதால் அது அடித்தொண்டை முனகலாகக் கேட்கும்.

கிதாரை ஏந்தியபடியே மெல்லச் சுற்றித் திரும்பினேன். ஒரு திசையில் இரைச்சல் பெருகி, மறு திசையில் ஏறக்குறைய மறைந்ததால், காரணம் காந்தப்புலமே, தரையிணைப்பு அன்று என்பது தெளிவாயிற்று. மேடையின் பின்சுவரில் தொங்கிய, மின்மாற்றியால் இயங்கும் பீர் விளம்பர நியான் விளக்கை அணைத்ததும் பெரும்பகுதி அடங்கியது. உரிமையாளரின் முகம் வாடியது. நியான் இல்லாத ஹாங்கி டாங்கை எனக்கும் பிடிக்காது என்பதால், அதை எதிர்ச்சுவரில் மாட்டச் சொன்னேன்.

எஞ்சியதற்கு, பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கும் சுவிட்சை இரண்டும் சேர்ந்து ஒலிக்கும் நடு இடத்தில் வைத்தேன். என் கிதாரின் இரு பிக்கப்புகளும் எதிரெதிராகச் சுற்றப்பட்டவை. ஆகவே சேர்ந்து ஒலிக்கையில் ஒன்றின் இரைச்சலை மற்றொன்று அழித்துவிடும். கன்ட்ரி இசைக்கு உயிரான பிரிட்ஜ் பிக்கப்பின் (கம்பிகளின் அடிமுனைத் தாங்கிக்கு அருகில் உள்ளது) கூர்மையைத் தனிவாசிப்புக்கு மட்டும் ஒதுக்கினேன்.

எங்கள் குழுவின் பெடல் ஸ்டீல் (மிதிகள் கொண்ட, படுக்கைவாட்டில் வாசிக்கும் கிதார்) எழுப்பிய ரீங்காரமோ வேறு வகை; அது தரையிணைப்பால் வந்தது. அதன் ஆம்ப்ளிஃபையரையும் மிக்சரையும் ஒரே மின்சுற்றில் இணைத்ததும் அது நின்றது. பிளக்கின் தரையிணைப்பு முனையை வெட்டிவிடலாம் என்று ஒருவர் சொன்னதை ஏற்கவில்லை. கருவியின் கம்பியைத் தொட்ட கையும் மைக்கைத் தொட்ட உதடும் ஒரே உடம்பில் இருக்கையில் அது உயிருக்கே ஆபத்து.