சங்க வீரம், சோழர்கால வீரம்: ஒப்பிடும்போது சறுக்கும் இடங்கள்

"சங்க காலத்தில் மறம், இடைக்காலத்தில் பக்தி" என்று இரண்டே சொல்லில் முடித்துவிடுவதுதான் முதல் சறுக்கல். அடுத்த கணமே, சோழர் படை கலிங்கத்தை வென்றதைப் பாடும் கலிங்கத்துப்பரணி குறுக்கே நிற்கும். 12-ஆம் நூற்றாண்டில் செயங்கொண்டார் பாடிய அந்தப் போர்க்களத்தில் பேய்கள் பிணக் குவியலுக்கு நடுவே கூழ் அடுகின்றன. புறநானூற்றில் அத்தனை இரத்தம் இல்லை. எவ்வளவு வெட்டினான் என்பதை அளவுகோலாக வைத்தால் ஒப்பீடு தலைகீழாகிவிடும். வீரன் எதற்கு நாணுகிறான் என்று கேட்டால் வேறுபாடு துலங்கும்.

வெண்ணிப் போரில் கரிகாலனிடம் தோற்ற சேரமான் பெருஞ்சேரலாதன் ஓடவில்லை. மார்பைக் குறித்து எறிந்த வேல்தான் முதுகிலும் புண்ணாக்கியது என்கிறது புறநானூற்றின் 65-ஆம் பாட்டு (புறம் 65). ஆனாலும் புறப்புண் புறப்புண்தான்; நாணி வடக்கிருந்து (வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணாதிருந்து) உயிர்விட்டான். வெண்ணிக்குயத்தியார் (புறம் 66) வென்ற கரிகாலனை நேரில் விளித்தே, "நின்னினும் நல்லன் அன்றே" என்று தோற்றவனை உயர்த்துகிறார். பிற்காலப் பரணியில் இப்படி ஓர் அடியைத் தேடினாலும் கிடைக்காது.

இதன் பக்கத்தில், சேக்கிழார் பாடிய பெரியபுராணத்துப் புகழ்ச்சோழரை வைக்க வேண்டும். அதிகனின் கோட்டையை வென்ற படை, வெட்டிய தலைகளைக் கொண்டுவந்து குவிக்கிறது. அவற்றுள் ஒன்றில் சடை தெரிகிறது. சிவனடியார் ஒருவரைக் கொல்வித்துவிட்டேனே என்று நடுங்கிய அரசர், அந்தத் தலையைப் பொற்கலத்தில் ஏந்தித் தீயில் இறங்குகிறார். இருவருமே நாணித்தான் உயிரை விட்டார்கள். சேரனுக்கு நாணம் தன் உடம்பில் பட்ட புண்ணால். சோழருக்கோ தான் வென்ற வெற்றியாலேயே.

இங்கே காலக் குழப்பம் வரும். புகழ்ச்சோழர் உறையூர் அரசர், சேக்கிழாருக்கு முற்பட்டவர் என்பதால் அவர் கதையைப் பழங்கால வீரத்துக்குச் சான்றாகக் காட்டுவார்கள். கதை பழையதாக இருக்கலாம். அதைச் சொல்லும் மதிப்பீடு 12-ஆம் நூற்றாண்டுச் சைவத்தினுடையது. நூலின் காலத்தையும் நாயகனின் காலத்தையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள்.

அரசன் எங்கே நிற்கிறான் என்பதையும் பாருங்கள். புறம் 62, 63-இல் சேரனும் சோழனும் ஒரே களத்தில் மாண்டு கிடக்கிறார்கள். கலிங்கப் போரில் முதற் குலோத்துங்கன் களத்துக்கே போகவில்லை. படை நடத்தி வென்றவன் கருணாகரத் தொண்டைமான். ஆனாலும் பாட்டுடைத் தலைவன் குலோத்துங்கன்தான். அவனைத் திருமாலின் அவதாரமாகப் பாட 'அவதாரம்' என்று ஒரு பகுதியே உண்டு. தோற்ற கலிங்கரோ நகைப்புக்கு ஆளாகிறார்கள்: மயிரைப் பறித்துக்கொண்டு, அரைத்துணியும் இல்லாமல், சமணத் துறவிகள் என்று சொல்லிப் பிழைத்தவர்கள் பலராம். பாட்டு சுவையானதுதான். ஆனால் புலவரின் எள்ளலைப் போர்ச் செய்தியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

முதியவளான தாயின் பாட்டுகளிலும் இதே கவனம் வேண்டும். மகன் களத்தில் பட்டான் என்றதும் பெற்ற நாளினும் பெரிதாக மகிழ்ந்தாள் என்பது புறம் 277-இலும் வருகிறது, 278-இலும் வருகிறது. ஒரே கூற்று இருவர் பாட்டில் வந்தால் அது புலவர்களின் பொதுமரபு. அன்றைய தாய்மாரெல்லாம் அப்படித்தான் இருந்தார்கள் என்று எழுதிவிட முடியாது.

பாட்டின் அடியில் உள்ள திணை, துறைக் குறிப்பையும் (பாட்டின் பொருளை வகைப்படுத்தும் பெயர்களையும்) புலவரின் வாக்காக நினைக்காதீர்கள். வெண்ணிப் போர் பற்றிய 65-ஆம் பாட்டுக்குப் பொதுவியல், 66-க்கு வாகை (வெற்றியைப் பாடும் திணை) என்று இருக்கிறது. தொல்காப்பியத்தின் ஏழு புறத்திணைகளில் பொதுவியல் கிடையாது. பாட்டைத் தொகுத்து வகைப்படுத்தியவர்களின் கை அது. முதலில் பாட்டைத் தனியாகப் படித்துவிட்டுப் பிறகு குறிப்புக்கு வாருங்கள்.

இவற்றையெல்லாம் கவனித்த பிறகும் ஒன்று விட்டுப்போகும்: இறந்த வீரனுக்கு நடும் நினைவுக்கல்லான நடுகல். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த தமிழ்ப் பிராமி நடுகல், கூடலூர் ஆகோளில் (ஆநிரை கவரும் பூசலில்) இறந்தவனுக்கு எடுத்தது. பல நூற்றாண்டு கழித்து, பல்லவர் ஆட்சியாண்டுகளோடு செங்கம் பகுதியில் நட்ட கற்களிலும் தொறு (ஆநிரை) மீட்டுப் பட்டவன் என்றே பொறித்திருக்கிறது. அரசவைப் பாட்டு மாறியதை வைத்து ஊரே மாறிவிட்டது என்று முடிவுகட்டும் முன் இந்தக் கற்களையும் படித்துவிடுங்கள்.