பிஎஸ்பிக்கு மைக்ரோ எஸ்டி அடாப்டர் வாங்கினா, சேவ் ஃபைலை ஏத்துறதுக்கு முன்னாடி இப்படி செக் பண்ணிக்கங்க

பிஎஸ்பின்னா சோனியோட பழைய, கைல வச்சு ஆடுற கேம் மெஷின், அதோட மெமரி ஸ்டிக்குக்குப் பதிலா சாதாரண மைக்ரோ எஸ்டி கார்டைப் போட்டுக்க உதவுறதுதான் இந்த அடாப்டர். அதை சொருகினேன், கார்டு தெரியுது, சைஸும் சரியா காட்டுது, அப்ப ஓகேதான்னு நினைச்சு அன்னைக்கே பழைய மெமரி ஸ்டிக்கை அழிச்சுடாதீங்க, இந்த ஒண்ணைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமா எழுதுறேன். என் தம்பி இங்க சிங்கப்பூர்ல என்எஸ்ல, அதாவது தேசிய சேவைல, இருந்த காலத்துல சனிக்கிழமை முகாம்ல இருந்து புக்-அவுட் ஆகி வந்ததும் நேரா புளோக்குக்கு கீழ இருக்குற வாய்ட் டெக்குக்குத்தான் போவான், கூட்டாளிங்க நாலு பேரு கல் மேசைல உக்காந்து பிஎஸ்பில மான்ஸ்டர் ஹன்டர் ஆடுவாங்க, அந்த ரெண்டு வருஷ சேவ், அதாவது கேம்ல எதுவரைக்கும் ஆடினோம்னு பதிவாகுற ஃபைல், முழுக்க ஒரு 4 ஜிபி ஸ்டிக்ல இருந்துச்சு. நான்தான் ஆசையா ஒரு அடாப்டர் வாங்கி, எல்லாத்தையும் மாத்திக் கொடுத்து, பழைய ஸ்டிக்கை ஃபார்மட் பண்ணி வேற ஒருத்தருக்கு கொடுத்துட்டேன். மூணாவது நாள் ஸ்லீப்ல இருந்து எழுப்பினா மெமரி ஸ்டிக்கே இல்லைன்னு சொல்லுது, கழட்டி மாட்டினா ஃபார்மட் பண்ணணும்னு கேக்குது. "பரவாயில்லண்ணே, விடுங்க"ன்னுதான் சொன்னான், அதுக்கப்புறம் அந்த கேமை அவன் தொடவே இல்ல.

அதனால இப்ப யாரு கேட்டாலும் ஒரே பதில்தான் சொல்றேன், கார்டு தெரியுறதெல்லாம் ஒரு சோதனையே இல்ல, முழுசா நிரப்பி, திரும்பப் படிச்சு, தூங்க வச்சு எழுப்பி, அதையும் தாண்டி நின்னாதான் அது நல்ல அடாப்டர்.

ஏன் இவ்வளவு சந்தேகப்படணும்னு முதல்ல புரிஞ்சுக்கணும். மைக்ரோ எஸ்டி வாங்குற பாக்கெட்லயே எஸ்டி கார்டு சைஸுல ஒரு ப்ளாஸ்டிக் உறை வரும்ல, அதுக்குள்ள வெறும் கம்பிதான், ஏன்னா எஸ்டியும் மைக்ரோ எஸ்டியும் பேசுறது ஒரே பாஷை. பிஎஸ்பி அப்படி இல்ல, அது சோனியோட மெமரி ஸ்டிக் டுவோ, ப்ரோ டுவோ ரெண்டை மட்டும்தான் ஏத்துக்கும், அதோட பாஷையே வேற, அதனால இந்த அடாப்டருக்குள்ள ஒரு குட்டி சிப்பு உக்காந்து ரெண்டு பக்கமும் மொழிபெயர்த்துக்கிட்டே இருக்கணும். அந்த சிப்பு நல்லதா மட்டமான்னு வெளிய பாத்து கண்டுபிடிக்க வழியே இல்ல, ஒரே மாதிரி கறுப்பு ப்ளாஸ்டிக், ஒரே மாதிரி எழுத்து, உள்ள என்ன இருக்குன்னு ஓட்டிப் பாத்தாதான் தெரியும்.

இன்னொரு பிரச்சினை தடிமன். மெமரி ஸ்டிக் டுவோ 31 மில்லிமீட்டர் நீளம், 20 அகலம், மொத்த தடிமனே 1.6 மில்லிமீட்டர்தான். மைக்ரோ எஸ்டியோட உடம்பு 0.7, நகத்தால இழுக்குற அந்த விளிம்பு மட்டும் 1 மில்லிமீட்டர். அப்ப மேல் தகடு, கீழ் தகடு, சிப்பு, கான்டாக்ட் எல்லாம் மிச்சம் இருக்குற அந்த இத்துணூண்டு இடத்துக்குள்ள அடங்கணும். மட்டமான அடாப்டர்ல கார்டை உள்ள தள்ளினதும் தகடு லேசா உப்பிடும், கண்ணுக்கு தெரியாது, ஆனா பிஎஸ்பி ஸ்லாட்ல போய் இறுகிக்கும், வெளிய எடுக்க ட்வீஸர் வச்சு இழுக்க வேண்டி வரும், அப்படி இழுத்து ஸ்லாட்டோட ஸ்ப்ரிங் போன மெஷினை நான் பாத்திருக்கேன். அதனால வாங்கினதும் மைக்ரோ எஸ்டியை அடாப்டர்ல போட்டு, ஒரு ஒரிஜினல் மெமரி ஸ்டிக்கை பக்கத்துல வச்சு, கண்ணாடி மேசை மேல ரெண்டையும் படுக்க வச்சு விரல் நுனியால ஓரத்தை ஒரு தட்டு தட்டுங்க, ஒரிஜினல் அசையாது, உப்பின அடாப்டர் டிக் டிக்னு ஆடும். ஆடினா அதை பிஎஸ்பிக்குள்ள விடவே விடாதீங்க. அப்புறம் ஃபோன் டார்ச்சை அடிச்சு மைக்ரோ எஸ்டி போற வாய்க்குள்ள பாருங்க, 8 கான்டாக்ட் இருக்கணும், எல்லாம் ஒரே உயரத்துல வரிசையா நிக்கணும், ஒண்ணு மட்டும் படுத்துக் கிடந்தா அந்த அடாப்டரும் வேணாம். பின்பக்கம் மெமரி ஸ்டிக் கான்டாக்ட் 10, அதுல கீறலோ பசையோ இருக்கக்கூடாது.

எந்த கார்டு போடுறதுன்னு கேட்டா 32 ஜிபி போதும்னு சொல்வேன். மெமரி ஸ்டிக் ப்ரோ டுவோவே 32 ஜிபி வரைக்கும்தான் வந்துச்சு, அது மட்டும் இல்ல, 32 வரைக்கும் உள்ள மைக்ரோ எஸ்டி ஃபேட்32ங்கிற ஃபார்மட்ல வரும், அதுக்கு மேல போனா எக்ஸ்ஃபேட்ங்கிற வேற ஃபார்மட்ல வரும், பிஎஸ்பிக்கு எக்ஸ்ஃபேட் தெரியவே தெரியாது. 64, 128 எல்லாம் ஃபேட்32க்கு மாத்தி ஓட்டுறவங்க இருக்காங்க, ஓடவும் செய்யுது, ஆனா முதல் அடாப்டரை எடைபோடுறப்பவே அந்த வம்பையும் சேர்த்து இழுத்துக்கிட்டா தப்பு எங்க இருக்குன்னே தெரியாம போயிடும். பிஎஸ்பியோட யூஎம்டி டிஸ்க்ல ஒரு கேம் அதிகபட்சம் 1.8 ஜிபிதான், அப்ப 32லயே அந்த அளவு பெரிய கேம் 16 அடங்கும். வேகமான கார்டுக்கும் கூடுதல் காசு கொட்ட வேணாம், மெமரி ஸ்டிக் ப்ரோவோட பாதையே ஏட்டுல நொடிக்கு 20 எம்பிதான், நிஜத்துல அதைவிட கம்மி, அதனால 4கே வீடியோ எடுக்குற கார்டை வாங்கிப் போட்டாலும் பிஎஸ்பிக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.

பிஎஸ்பி கோ வச்சிருக்குறவங்க இதை வாங்காதீங்க, அதுல எம்2ன்னு வேற சின்ன கார்டு. பிஎஸ்பிக்கு அடுத்து வந்த வீட்டாவும் வேற கதை, அதுக்குத் தனி அடாப்டர், கேம் கார்டு ஸ்லாட்ல போறது, அதுக்கு மெஷினோட சாஃப்ட்வேரையே மாத்தணும். பிஎஸ்பி 1000, 2000, 3000க்கு ஒண்ணும் மாத்த வேணாம், சொருகினா போதும்.

வாங்குற இடம். ஆன்லைன்ல மூணு வெள்ளிக்கும் கிடைக்குது, ஆனா வெளிநாட்டு விற்பனையாளர்கிட்ட வாங்கி கெட்டுப்போச்சுன்னா திருப்பி அனுப்புற செலவே அதைவிட கூட. முடிஞ்சா தேக்காவுக்கு சாமான் வாங்கப் போற அன்னைக்கே அப்படியே எலக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்குற சிம் லிம் ஸ்கொயர் பக்கம் நடந்துடுங்க, எம்ஆர்டின்னா ரோச்சோர்ல இறங்கினா பக்கம்தான், பிஎஸ்பியை சார்ஜ் போட்டு கையோட எடுத்துட்டுப் போய் கவுன்டர்லயே தடிமன் சோதனையை முடிச்சுட்டு சொருகிப் பாருங்க. ரசீது கண்டிப்பா வாங்கிக்கங்க. 2012 செப்டம்பர்ல இருந்து இங்க லெமன் லான்னு பழுதான பொருள் வாங்கினவங்களுக்கான சட்டம் இருக்கு, கடைல வாங்கின பொருள் 6 மாசத்துக்குள்ள பழுதானா வாங்குறப்பவே பழுது இருந்ததாத்தான் எடுத்துக்குவாங்க, இல்லைன்னு கடைக்காரர்தான் நிரூபிக்கணும். கரொசல் மாதிரி பழைய பொருள் விக்கிற ஆப்ல ஒரு தனி ஆள்கிட்ட வாங்கினா இது செல்லாது, அதனால அங்க வாங்குறதா இருந்தா எம்ஆர்டி ஸ்டேஷன்ல நின்னு சட்டுனு கை மாத்திக்காம ஒரு கோப்பி கடைல உக்காந்து சொருகிப் பாத்துட்டு காசு கொடுங்க.

இப்ப நிஜ சோதனை. முதல்ல அடாப்டரை மறந்துட்டு மைக்ரோ எஸ்டியை மட்டும் ஒரு யூஎஸ்பி ரீடர்ல போட்டு கம்ப்யூட்டர்ல செக் பண்ணுங்க, இதை விட்டுட்டா மிச்சம் எல்லாமே குழம்பிடும், ஏன்னா போலி கார்டு ரொம்பவே புழங்குது, 8 ஜிபியை 32ன்னு பொய் சொல்ல வச்சு விக்கிறாங்க, 8 நிரம்புற வரைக்கும் ஒழுங்கா இருக்கும், அதுக்கு மேல எழுதுறது எல்லாம் காத்துல போகும். விண்டோஸ்னா எச்2டெஸ்ட்டபிள்யூ, மேக், லினக்ஸ்னா எஃப்3, ரெண்டும் இலவச சாஃப்ட்வேர். கார்டை காலி பண்ணிட்டு முழு இடத்தையும் எழுதிப் படிக்கச் சொல்லுங்க, 1 ஜிபி 1 ஜிபியா ஃபைல் எழுதி, அப்புறம் எழுதினது அப்படியே இருக்கான்னு ஒவ்வொண்ணா படிச்சுப் பாக்கும். 32 ஜிபி கார்டு விண்டோஸ்ல 29 சொச்சம்தான் காட்டும், அதைப் பாத்து ஏமாத்திட்டாங்கன்னு பயப்பட வேணாம், கணக்கு அப்படித்தான். ஒரே ஒரு எரர் வந்தாலும் அந்த கார்டு வேணாம், அடாப்டர் மேல பழி போடாதீங்க.

கார்டு பாஸ் ஆச்சுன்னா அடாப்டர்ல போட்டு பிஎஸ்பில சொருகி, செட்டிங்ஸ், சிஸ்டம் செட்டிங்ஸ், ஃபார்மட் மெமரி ஸ்டிக். ஃபார்மட்டை பிஎஸ்பிலயே பண்றதுதான் நல்லது, அதுக்கு வேணும்கிற மாதிரி அதுவே அமைச்சுக்கும். அப்புறம் மினி யூஎஸ்பி கேபிள், அதாவது பழைய கேமராவுக்கெல்லாம் வருமே அந்த தடிச்ச தலை, அதை மாட்டி யூஎஸ்பி கனெக்‌ஷனுக்குப் போய், அதே சோதனையை இப்ப பிஎஸ்பி வழியா திரும்ப ஓட்டுங்க. இது பொறுமையை சோதிக்கும், நொடிக்கு 5 எம்பி வந்தா எழுத மட்டுமே ஒண்ணே முக்கால் மணி நேரம் பக்கம், படிக்க அதே அளவு, அதனால ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் ஆரம்பிச்சிடுங்க. சார்ஜரை மாட்டி வைங்க, பாதில பேட்டரி இறங்கினா சோதனையும் வீணு, ஃபைலும் கெடும். பேட்டரி உப்பியிருந்தா அதை கழட்டிட்டு சார்ஜர்ல மட்டுமே பிஎஸ்பியை ஓட்டலாம். இடது பக்கம் ஆரஞ்சு விளக்கு மின்னிக்கிட்டே இருக்கும், அது மின்னுற வரைக்கும் கேபிளையும் கார்டையும் தொடாதீங்க.

இதுலதான் எல்லாம் வெளிய வரும். ரீடர்ல சுத்தமா பாஸ் ஆன கார்டு பிஎஸ்பி வழியா எரர் கொடுத்தா தப்பு அடாப்டர்லதான், இல்லன்னா கான்டாக்ட்ல அழுக்கு. கான்டாக்டை ஆல்கஹால் ஸ்வாப்ல துடைச்சுட்டு இன்னொரு தடவை ஓட்டுங்க, அப்பவும் எரர்னா திருப்பிக் கொடுத்துடுங்க. போன வாரம் என் அக்கா மகனோட அடாப்டருக்கு இதைத்தான் பண்ணினோம், 11 ஜிபி வரைக்கும் நல்லா போச்சு, அப்புறம் ஆரஞ்சு விளக்கு மின்னாம அப்படியே நின்னு எரியுது, கம்ப்யூட்டர்ல வேகம் சைபருக்கு வந்துடுச்சு. "மாமா, நேத்து இதுல கேம் எல்லாம் ஓடுச்சே"ன்னு கேக்குறான், ஓடுச்சுதான், அந்த 11 ஜிபிக்கு அப்பால யாரும் போகலையே. அதே கார்டை என்கிட்ட இருந்த வேற அடாப்டர்ல போட்டோம், கடைசி வரைக்கும் ஒரு எரர் இல்ல.

அடுத்தது தூக்கம், என் தம்பி சேவை கொன்னது இதுதான். பிஎஸ்பில ஏதாவது ஒரு கேமைத் தொடங்கி, ஓடிக்கிட்டு இருக்கும்போதே பவர் சுவிட்சை லேசா ஒரு தட்டு, அது ஸ்லீப், ரொம்ப நேரம் பிடிச்சா முழுசா அணைஞ்சுடும், நமக்கு வேண்டியது ஸ்லீப். பத்து விநாடி கழிச்சு எழுப்பி கேம்ல சேவ் பண்ணுங்க. திரும்ப தூங்க வைங்க, அஞ்சு நிமிஷம் கழிச்சு எழுப்பி சேவ். இப்படி பத்து தடவையாவது பண்ணிட்டு, கடைசியா ராத்திரி முழுக்க தூங்க விட்டு காலைல வேலைக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி எழுப்பிப் பாருங்க. எழுந்ததும் ஒண்ணு ரெண்டு விநாடி யோசிச்சா பரவாயில்ல, ஆனா ஒரு தடவை, ஒரே ஒரு தடவை மெமரி ஸ்டிக் இல்லைன்னு சொன்னாலும் அந்த அடாப்டர் தேறல, கழட்டி மாட்டினா சரியாகுதேன்னு மனசைத் தேத்திக்காதீங்க, எழுதிக்கிட்டு இருக்கும்போது அப்படி விட்டுச்சுன்னா மொத்த கார்டும் போச்சு. எம்ஆர்டில ஆடுறவங்க கேம் ஓடுறப்ப ஸ்லாட் மூடி மேல கட்டை விரலால லேசா அழுத்தியும் பாத்துக்கங்க, நெரிசல்ல கை அங்கதான் படும்.

ரெண்டு மைக்ரோ எஸ்டி போடுற அடாப்டரும் விக்குது, ரெண்டையும் சேர்த்து ஒரே கார்டா காட்டும். எனக்கு அதுல விருப்பமே இல்ல, ரெண்டுல ஒண்ணு கெட்டாலும், கழட்டினாலும் மொத்தமும் போயிடும். ஏற்கனவே வச்சிருந்தா ஒரே கம்பெனி, ஒரே சைஸ் கார்டா போடுங்க, எது எந்தப் பக்கம்னு மார்க்கர்ல எழுதி வைங்க.

இதெல்லாம் பாஸ் ஆனா சோதனை ஃபைல் எல்லாம் போக பிஎஸ்பில ஒரு தடவை திரும்ப ஃபார்மட் பண்ணிட்டு, அப்புறம் சேவை மாத்தலாம். பழைய மெமரி ஸ்டிக்ல பிஎஸ்பிங்கிற ஃபோல்டருக்குள்ள சேவ்டேட்டான்னு இருக்கும், அதை முதல்ல கம்ப்யூட்டர்ல தேதி போட்டு ஒரு காப்பி எடுத்து வைங்க, அந்தக் காப்பில இருந்து புது கார்டுக்கு அதே பாதைல போடுங்க, வாங்கின கேம் இருந்தா பக்கத்துலயே இருக்குற கேம் ஃபோல்டரையும் சேர்த்து. பிஎஸ்பிலயே கேம் வாங்குற வசதியை 2021 ஜூலைல முழுசா நிறுத்திட்டாங்க, மெஷின்லயே போய் திரும்ப வாங்க முடியாது, அதனால இருக்குறதைப் பத்திரமா எடுத்து வைங்க. மாத்தினதும் ஒவ்வொரு கேமையும் திறந்து சேவை லோட் பண்ணிப் பாருங்க, லிஸ்ட்ல பேரு தெரியுறது போதாது.

நம்ம ஊரு ஈரக்காத்துக்கு கான்டாக்ட் சீக்கிரம் மங்கிடும், ரெண்டு மூணு மாசத்துக்கு ஒருக்கா ஸ்வாப்ல துடைச்சு காய விட்டு மாட்டுங்க, ஆடாம வைக்கிற நாள்ல ட்ரை பாக்ஸ் இல்லன்னா சிலிக்கா ஜெல் பாக்கெட் போட்ட டப்பா போதும். அதே டப்பாவுல அந்த பழைய மெமரி ஸ்டிக்கையும் அழிக்காம, மேல பேரு எழுதி ஒட்டி வைங்க, ஒரு ஆறு மாசமாவது.