கிரீன்லாந்து ஐஸ் மாடலை கிரேஸ் சாட்டிலைட் டேட்டாவோட ஒப்பிட்டுப் பாக்குறது எப்படி?

ஐஸ் ஷீட் மாடல் (பெரிய பனிப்படலம் எப்படி மாறும்னு கணக்கு போடுற புரோகிராம்) ரன் முடிஞ்சு நெட்சிடிஎஃப் ஃபைல் (கட்டம் கட்டமா நம்பர் வச்சிருக்குற டேட்டா ஃபைல்) கைக்கு வந்தாச்சு, ஆனா அதுல இருக்குற நம்பர நம்பலாமா வேணாமான்னு முழிக்கிறவங்களுக்காக எழுதுறேன். உதாரணத்துக்கு கிரீன்லாந்து. இஸ்மிப்6 (பல குழுக்களோட ஐஸ் ஷீட் மாடல்கள ஒப்பிடுற சர்வதேச திட்டம்) மாடல் அவுட்புட்டும் இருக்கு, 2002-ல இருந்து கிரேஸ் சாட்டிலைட் பூமியோட ஈர்ப்பு விசை மாற்றத்த வச்சு அளந்த பனி இழப்பும் இருக்கு, ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்துடலாம். பைதான், கான்டா (பைதான் பேக்கேஜ் நிறுவுற டூல்) எல்லாம் மெஷின்ல ரெடியா இருக்குன்னு எடுத்துக்குறேன்.

டூல்ஸ்

எக்ஸ்அரே (டேட்டாவ படிக்க), பைப்ராஜ் (மேப் ப்ரொஜெக்ஷன் கணக்குக்கு), சிடிஓ (கமாண்ட்ல டேட்டாவ மாத்த), இந்த மூணு போதும். ஃபைல திறந்து ஒரு நோட்டம் விட நாசாவோட பனோப்ளி. ரீகிரிட்டிங்குக்கு (டேட்டாவ வேற கட்ட அமைப்புக்கு மாத்துறது) பைதான் லைப்ரரியும் இருக்கு, ஆனா என் ஓட்டு சிடிஓவுக்குத்தான், ஒரே வரி கமாண்ட்ல வேலை முடிஞ்சிடும். பனி அளவு, மழை அளவு மாதிரி கூட்டிப் பாக்கப் போற விஷயத்துக்கு சிடிஓவோட ரீமேப்கான் (மொத்தம் மாறாம கட்டத்த மாத்துற முறை) மட்டும் யூஸ் பண்ணுங்க, பைலீனியர் (பக்கத்து புள்ளிகள வச்சு மதிப்பு எடுக்குற முறை) பக்கமே போகாதீங்க, மொத்தக் கணக்கு மாறிப் போயிடும்.

லிவ்கிட்னு ஓக் ரிட்ஜ் லேப்ல உருவான டூல் ஒண்ணு இருக்கு. கோட் சமன்பாட்ட சரியா போடுதான்னு தனியா, விடை நிஜத்தோட ஒத்துப் போகுதான்னு தனியா பாத்து ரிப்போர்ட்ட வெப் பேஜா தந்துடும். மாடலையே சொந்தமா மாத்தி எழுதுறவங்க இதத்தான் முதல்ல ஓட்டணும், ஏன்னா ஹால்ஃபர் டோம் மாதிரி கணக்குல துல்லியமான விடை தெரிஞ்ச டெஸ்ட்லயே தோத்துப் போற கோட, சாட்டிலைட்டோட ஒப்பிடுறது வீண் வேலை.

யூனிட்

இஸ்மிப்6 ஃபைல்ல பனி தடிமன் மீட்டர்ல இருக்கும், வேகம் மட்டும் ஒரு செகண்டுக்கு எத்தனை மீட்டர்ங்கிற கணக்குல. சாட்டிலைட் வேகம் வருஷத்துக்கு மீட்டர்ல வரும். மாத்திக்கோங்க, அவ்வளவுதான்.

கட்டத்தோட பரப்பு

இங்க நிதானமா போங்க, பெரும்பாலானவங்க மாட்டுற இடம் இது, என்னையும் ரொம்ப நாள் சுத்தல்ல விட்டது. மொத்த பனி எடை வேணும்னா தடிமன், பரப்பு, அடர்த்தி மூணையும் பெருக்கிக் கூட்டணும், பனியோட அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 917 கிலோ. அஞ்சு கிலோமீட்டர் கிரிட்னா பரப்பு 25 சதுர கிலோமீட்டர்தானேன்னு தோணும். அது மேப்ல இருக்குற பரப்பு, தரையில இருக்குறது வேற. கிரீன்லாந்துக்கு எல்லாரும் யூஸ் பண்ற 3413 ப்ரொஜெக்ஷன் (உருண்டைப் பூமிய தட்டையான மேப்பா மாத்துற முறை, 3413 அதோட குறியீட்டு எண்) 70 டிகிரி வடக்குல மட்டும்தான் சரியான அளவு காட்டும். தெற்கு முனையில 60 டிகிரிகிட்ட அந்த 25 உண்மையில சுமார் 23 தான், வடக்குல 83 டிகிரிக்குப் போனா 26-க்கு மேல.

ரெண்டும் ஒண்ண ஒண்ணு அடிச்சுக்கும்னு விட்டுடாதீங்க, தெற்கும் வடக்கும் ஒரே அளவு பனிய இழக்கல, அதனால மாடல் மேல இல்லாத தப்பு ப்ளாட்ல தெரியும். பைப்ராஜ்ல கெட் ஃபேக்டர்ஸ்னு ஒரு ஃபங்ஷன் இருக்கு, ஒவ்வொரு கட்டத்துக்கும் லாங்கிட்யூட் முதல்ல, லாட்டிட்யூட் அடுத்ததா குடுத்தா ஏரியல் ஸ்கேல் (மேப் பரப்பு உண்மைப் பரப்போட எத்தனை மடங்குன்னு சொல்ற எண்) தரும், மேப் பரப்ப அதால வகுத்துடுங்க. அதோட கட்டத்துல பனி எவ்வளவு பங்குன்னு சொல்ற மாஸ்கையும் பெருக்கணும்.

கிரேஸோட ஒப்பீடு

கிரேஸோட ரெசல்யூஷன் ஏறக்குறைய 300 கிலோமீட்டர், அதனால கட்டத்துக்குக் கட்டம் கழிச்சுப் பாக்குறதுல அர்த்தமே இல்ல. பெரிய வடிகால் பகுதி (பனி ஒரே பக்கமா கடலுக்கு ஓடுற பகுதி) வாரியா, இல்லன்னா மொத்த தீவுக்கும் கூட்டி ஒப்பிடுங்க. 2017 நடுவுல கிரேஸ் நின்னு, அடுத்த சாட்டிலைட் 2018 மே மாசம்தான் மேல போச்சு, அந்த இடைவெளிய கோடு போட்டு நிரப்பாம மாடல்லயும் அந்த மாசங்கள விட்டுடுங்க. ஐஸ் ஷீட்டோட ஒட்டாத ஓரத்து கிளேசியர் இழப்பும் கிரேஸ்ல கலந்து வரும், மாடல்ல அது இல்லன்னா வித்தியாசம் இருக்கத்தான் செய்யும்.

ரிசல்ட்ட சரிபாக்க ஒரு நம்பர் மனசுல வச்சுக்கோங்க: 1992-ல இருந்து 2018 வரைக்கும் கிரீன்லாந்து இழந்தது சுமார் 3,900 ஜிகா டன்னு இம்பி குழு (பல சாட்டிலைட் கணக்க சேத்துப் பாக்குற விஞ்ஞானிகள்) கணக்கு போட்டிருக்கு, கடல் மட்டம் 10.8 மில்லிமீட்டர் ஏறினதுக்குச் சமம். உங்க விடை பத்து மடங்கு தள்ளிப் போச்சுன்னா முதல்ல யூனிட்ட பாருங்க.

வேகம் அழகா ஒத்துப் போகுதுன்னு மட்டும் சந்தோஷப்படாதீங்க. நிறைய மாடல்ல அடித்தரை உராய்வையே சாட்டிலைட் வேகத்த வச்சுத்தான் ட்யூன் பண்றாங்க, அதே வேகத்தோட ஒப்பிடுறது கேள்வித்தாள முன்னாடியே குடுத்துட்டு பரீட்சை வைக்கிற மாதிரி. மாடல் உருவாக்குனப்ப எந்த டேட்டா உள்ள போச்சுன்னு அவங்க பேப்பர்ல தேடிப் படிச்சுட்டு, உள்ள போகாத டேட்டாவ எடுங்க. நான் கிரேஸ பிடிச்சுக்கிட்டதே இதனாலதான்.

அப்டேட் 1: கன்ட்ரோல் ரன்ன (பருவநிலைய மாத்தாம ஓட்டுன ரன்) கழிக்கணுமான்னு கேட்டிருந்தீங்க. கழிச்சது, கழிக்காதது ரெண்டு கோட்டையும் ஒரே ப்ளாட்ல போடுங்க. கழிச்சத மட்டும் காட்டினா மாடல் தானாவே எவ்வளவு நகருதுன்னு படிக்கிறவருக்குத் தெரியாமலே போயிடும்.

அப்டேட் 2: அண்டார்டிகாவுக்கு 3031 ப்ரொஜெக்ஷன், சரியான அளவு 71 டிகிரி தெற்குல. துருவத்துகிட்ட மேப் பரப்பு உண்மைய விட அஞ்சு சதவீதத்துக்கு மேல கம்மியா வரும். அங்க மிதக்குற ஐஸ் ஷெல்ஃப் நிறைய, அது குறைஞ்சாலும் அந்த இடத்துல கடல் தண்ணி வந்துடுறதால கிரேஸ்ல பெருசா தெரியாது, அதனால மொத்த பனி எடைய எடுக்காம மிதக்கும் அளவுக்கு மேல இருக்குற எடைய (கடல் தண்ணியே தாங்குற பங்க கழிச்சது போக மிச்சம்) எடுத்து ஒப்பிடுங்க.