மாண்டலினுக்குப் பூச்சுத் தந்தி: என் அனுபவம்

சென்னையின் கடற்காற்றும் என் விரல் வியர்வையும் சேர்ந்து மாண்டலினின் ஜி, டி தந்திகளின் வெண்கலச் சுற்றில் களிம்பேற்றிவிடுவதால், மெல்லிய பாலிமர் பூச்சிட்ட பாஸ்பர் வெண்கலத் தந்திகளுக்கு மாறினேன். எட்டுத் தந்திகளையும் ஒருசேரக் கழற்றினால், ஒட்டப்படாமல் தந்திகளின் அழுத்தத்தால் மட்டுமே நிற்கும் குதிரை (தந்திகளைத் தாங்கும் துண்டு) நகர்ந்து ஸ்வரஸ்தானம் பிசகிவிடும் என்பதால், ஒவ்வொன்றாகவே மாற்றினேன். ஒப்பிட வசதியாக, பழையபடி 0.011 முதல் 0.040 அங்குலம் வரையிலான தடிமனையே தேர்ந்தெடுத்தேன். புதுத் தந்திக்குரிய பளீரென்ற நாதம் சற்றே மழுங்கியிருந்தது. ஆனால் ஜாரு (ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு விரலை வழுக்குவது) பிடிக்கையில் எழும் கீச்சொலி வெகுவாகக் குறைந்தது, எனக்கு அதுவே பெரிது. பிக் (தந்தியை மீட்டும் வில்லை) படும் இடத்தில் பூச்சு நார்நாராகப் பிரிந்தது பார்க்க அசிங்கம்தான், நாதத்தைக் கெடுக்கவில்லை. சுற்றில்லாத ஏ, இ தந்திகளில் துரு முன்போலவே ஏறுவதால், அவற்றை மட்டும் உதிரியாக வாங்கி மாற்றிக்கொள்கிறேன்.