புல்வெளிக் குடியேறிகளின் வீட்டில் நோயுற்ற ஒரு குழந்தை: வரலாற்றுக் கதை எழுதுவோருக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்கப் புல்வெளியில் நிலம் பெற்றுக் குடியேறிய ஒரு குடும்பத்தையும், அதில் நாள்பட்ட நோயோடு வளரும் ஒரு குழந்தையையும் பற்றித் தமிழில் கதை எழுத விரும்புகிறவர், முதலில் ஆண்டையும் இடத்தையும் முடிவு செய்துகொள்ள வேண்டும். பனி, காற்று, தனிமை என்ற பொதுச் சித்திரத்தோடு தொடங்கினால், குழந்தைக்குக் கட்டிலில் படுத்து இருமுவதைத் தவிர வேறு வேலை இருக்காது. வாசகரும் மூன்றாம் பக்கத்திலேயே அதன் சாவுக்குக் காத்திருக்கத் தொடங்கிவிடுவார். அந்த நோய் வீட்டில் யாருடைய உழைப்பை எடுத்துக்கொண்டது, மருந்து எத்தனை மைலுக்கு அப்பால் இருந்தது, நிலச் சட்டத்தின் எந்த விதியோடு அது மோதியது என்று எழுதும்போதுதான் குழந்தை உயிரோடு நம்முன் எழுந்து நிற்கும்.

எடுத்துக்காட்டாக நெப்ராஸ்காவின் கஸ்டர் மாவட்டத்தையும் 1885 முதல் 1890 வரையிலான ஆண்டுகளையும் வைத்துக்கொள்வோம். 1862 மே 20 அன்று லிங்கன் கையெழுத்திட்ட சட்டத்தின்படி, 21 வயது நிரம்பியவரோ குடும்பத் தலைவரோ, அவர் குடிமகனாகவோ குடியுரிமை பெற விருப்பம் தெரிவித்தவராகவோ இருந்தால், சிறு கட்டணம் செலுத்தி 160 ஏக்கரைப் பதிவு செய்துகொள்ளலாம். அங்கே ஐந்து ஆண்டுகள் குடியிருந்து, பயிர் செய்ததையும் மெய்ப்பித்தால் நிலம் சொந்தமாகும். ஆகவே 1885 வசந்தத்தில் பதிவு செய்த குடும்பத்தின் ஐந்தாண்டுக் கெடு 1890இல் முடிகிறது. பதிவின்போது எட்டு வயதாக இருந்த மகளுக்கு அப்போது பதின்மூன்று வயது. இந்த ஐந்து ஆண்டுகளே உங்கள் கதையின் முதுகெலும்பு.

நோயைத் தேர்ந்தெடுக்கும்போது கதையின் காலக்கணக்கு இடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இன்சுலின் முதன்முதலாக ஒரு சிறுவனுக்குச் செலுத்தப்பட்டது 1922 ஜனவரியில், டொராண்டோவில். அதற்கு முன் குழந்தைப் பருவ நீரிழிவு வந்தவர்கள் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளுக்கு மேல் வாழவில்லை. ஐந்தாண்டுக் கதைக்கு அது பொருந்தாது. முதுகெலும்பைத் தாக்கும் காசநோய் பொருந்தும். எனினும் என் பரிந்துரை ருமாட்டிக் காய்ச்சல்தான். அது வந்து, போய், மீண்டும் வந்து பல ஆண்டுகள் நீடிக்கும் நோய். பிள்ளைகளைத் தாக்கும் நோய். நம் வாசகர்களுக்கும் அந்நியமானதன்று. மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போட்டுக்கொள்ளும் பிள்ளைகளைத் தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் இன்றும் காணலாம்.

இந்நோயின் போக்கை நீங்கள் துல்லியமாக அறிந்திருக்க வேண்டும். ஒரு வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் முதலில் தொண்டைவலி வருகிறது; அது தானாகவே ஆறிவிட, வீட்டார் மறந்துவிடுகிறார்கள். இரண்டு மூன்று வாரம் கழித்துக் காய்ச்சல் ஏறுகிறது, முழங்கால் வீங்கிச் சிவக்கிறது. இரண்டு நாளில் அது வடிந்து, கணுக்காலுக்கோ முழங்கைக்கோ வலி தாவுகிறது. போர்வையின் பாரம்கூடத் தாங்காமல் குழந்தை கதறும். பிறகு மூட்டுகள் தடமில்லாமல் தேறிவிடும். தங்கிப்போவது இதய வால்வில் விழுந்த தழும்பு மட்டுமே. ஒவ்வொரு புதிய தாக்குதலும் அதை ஆழமாக்கும். சில ஆண்டுகளில் நடந்தால் மூச்சு வாங்கும், மல்லாந்து படுக்க முடியாமல் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தே உறங்க வேண்டியிருக்கும், மாலையில் பாதம் வீங்கும்.

இதே நோயின் இன்னொரு முகம் கதைக்காரருக்குக் கிடைத்த பெருங்கொடை என்பேன். சில பிள்ளைகளுக்கு, குறிப்பாகப் பெண்பிள்ளைகளுக்கு, தொண்டைவலி வந்து மாதங்கள் சென்றபின் கைகால்கள் தம் போக்கில் வெட்டி அசையத் தொடங்கும். கையிலிருந்த தட்டு விழும், எழுத்து கோணும், முகம் சுளிக்கும், காரணமில்லாமல் அழுகை வரும். கிழக்கிலிருந்து பொதிந்து கொண்டுவந்த ஒரே பீங்கான் கிண்ணத்தை அச்சிறுமி தவறவிட்டு உடைக்கும் காட்சியை எழுதுங்கள். அவளைக் கவனக்குறைவுக்காக அடிக்கும் தாய், அது நோயென்று சில வாரங்கள் கழித்து அறியட்டும். அந்த அடியைத் தாயால் மறக்க இயலாது. இதை விளக்கம் சொல்லிக் கெடுக்காதீர்கள்; கிண்ணத்தின் உடைந்த பிடியை அவள் தூக்கி எறியாமல் வைத்திருக்கிறாள் என்ற ஒரு வரி போதும்.

கிருமி எப்படிப் பரவியது என்பதை வீட்டின் பொருள்களே சொல்லிவிடும். மரம் அரிதான அந்நாட்டில் கலப்பையால் புல்தரையை ஏறத்தாழ ஓரடி அகலத்துக்கு வரிவரியாகக் கிழித்து, இரண்டு மூன்று அடி நீளக் கட்டிகளாக வெட்டி, வேர்ப்பக்கம் மேலாக அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். பெரும்பாலும் ஒரே அறை; பிள்ளைகளுக்கு ஒரே படுக்கை. கதவருகே தண்ணீர் வாளி, அதில் மிதக்கும் ஒரே தகர அகப்பை. தொண்டை நொந்த தம்பி குடித்துவிட்டுப் போட்ட அகப்பையிலேயே அவளும் குடிக்கிறாள். மழை பெய்தால் கூரை ஒழுகும், மழை நின்ற பின்னும் ஒழுகும். மண்ணும் பூச்சியும் விழாமல் தடுக்கக் கூரைக்கடியில் மஸ்லின் துணியைக் கட்டியிருப்பார்கள். அது சேற்றுநீரால் தொந்தி போட்டுத் தொங்குவதை, அண்ணாந்து படுக்க முடியாத குழந்தை சாய்ந்தபடியே பார்த்துக்கொண்டிருக்கும்.

அவ்வீட்டில் நோயாளிக்கு ஏற்ற ஓரிடமும் உண்டு. சுவரின் பருமன் இரண்டு அடிக்கும் மேல் என்பதால், ஜன்னலின் உட்புற விளிம்பு நம் திண்ணையைப் போல அகன்றிருக்கும். பூச்செடித் தொட்டிகளை அங்கேதான் வைத்தார்கள். தொட்டியை நகர்த்திவிட்டுச் சிறுமியை அங்கே உட்கார வையுங்கள். வெளியே யார் வருகிறார்கள், எந்த மாடு வேலி தாண்டியது, எந்தத் திசையில் புகை எழுகிறது என்பதெல்லாம் வீட்டில் முதலில் அவளுக்கே தெரியும்.

அடுத்தது வேலை. அங்கே ஏழு வயதுப் பிள்ளையும் மாடு மேய்த்தது, தண்ணீர் சுமந்தது, அடுப்பெரிக்கக் காய்ந்த சாணமும் சோளத்தக்கையும் பொறுக்கியது. ஒரு குழந்தை படுத்தால் அதன் பங்கு மறைந்துவிடாது; இன்னொரு பிள்ளையின் தலையில் ஏறும், பெரும்பாலும் மூத்த பெண்ணின் தலையில், அவளுடைய பள்ளி நாள்களைத் தின்றுகொண்டு. அந்த அக்காளின் மனத்தில் பாசமும் மனத்தாங்கலும் ஒன்றாகவே இருக்கட்டும். நோயாளிச் சிறுமிக்கும் வேலை கொடுங்கள். வெண்ணெய் கடைவது இதயத்துக்குப் பாரம்; விதை பொறுக்குவது, சோளம் உதிர்ப்பது, கிழிந்ததைத் தைப்பது, கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொள்வது ஆகியவை முடியும். தன் பங்கு குறைந்ததை எண்ணி வெட்கப்படும் குழந்தையை நாம் நம்புவோம். எப்போதும் புன்னகைக்கும் தேவதைக் குழந்தையை நம்பமாட்டோம்.

மருந்துகளைப் பற்றிப் பிழை நேராமல் பார்த்துக்கொள்ளுங்கள். 1876 முதல் ருமாட்டிக் காய்ச்சலுக்கு சாலிசிலேட் மருந்துகள் வழக்கத்துக்கு வந்தன. அவை வலியையும் காய்ச்சலையும் தணித்தன, காதில் இரைச்சலையும் வாந்தியையும் கொடுத்தன, வால்வைக் காக்கவில்லை. இதயத்துக்கு டிஜிட்டாலிஸ் இருந்தது. ஆஸ்பிரின் 1899க்குப் பின்னரே. வீட்டு வைத்தியமாகக் கடுகுப் பற்று, டர்பன்டைன், வாத்துக் கொழுப்பு, ஃபிளானல் துணிச் சுற்று. அழும் குழந்தைகளை அடக்கக் கடையிலும் தபாலிலும் வாங்கிய ‘அமைதி சிரப்’ சிலவற்றில் மார்ஃபின் என்ற போதைமருந்து இருந்தது. அதைப் புட்டியின் மேல் அச்சிட வேண்டும் என்ற சட்டம் 1906இல்தான் வந்தது. ஆகவே தாய் அதை நல்லெண்ணத்தோடு, தேக்கரண்டியால் அளந்துதான் கொடுக்கிறாள். மருத்துவரை அழைக்க ஒருவர் இருபது மைல் போகவேண்டுமென்றால், குதிரை வண்டிக்கு அது ஐந்தாறு மணி நேரம். வந்து சேர அதே நேரம். பாதையில் பனி இருந்தால் கணக்கே வேறு. 1886இல் கஸ்டர் மாவட்டத்தின் புரோக்கன் போ ஊருக்கு ரயில் வந்தபிறகு இந்தத் தூரத்தைச் சற்றுக் குறைக்கலாம்.

இப்போது சட்டத்துக்கு வருவோம். பெரும்பாலான கதைகள் தவறவிடுவது இதைத்தான். ஆறு மாதத்துக்கு மேல் நிலத்தை விட்டு விலகியிருந்தால் அது கைவிடப்பட்டதாகக் கருதப்படலாம். அதைக் காரணம் காட்டி வேறொருவர் வழக்குத் தொடுத்து அந்நிலத்தைத் தனக்குக் கேட்கலாம். குழந்தையைக் கிழக்கே பாட்டி வீட்டுக்கோ நகர மருத்துவரிடமோ கொண்டுபோக நினைக்கும் பெற்றோர் இருவரும் சேர்ந்து கிளம்ப முடியாது. ஒருவர் புல்கட்டி வீட்டில் தங்கியாக வேண்டும். 1889 மார்ச் 2 அன்று வந்த சட்டம், விளைச்சல் பொய்த்தாலோ நோயாலோ நிலத்தில் பிழைக்க வழியற்றுப் போனவருக்கு ஓராண்டு வரை விடுப்பு அளிக்க நில அலுவலகத்தை அனுமதித்தது. ஆனால் அந்த ஓராண்டு, குடியிருக்க வேண்டிய ஐந்தாண்டுக் கணக்கில் சேராது. இந்த விடுப்பைக் கேட்பதா வேண்டாமா என்று கணவனும் மனைவியும் இரவில், பிள்ளைகள் உறங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டு பேசும் உரையாடல் உங்கள் கதையின் நடுவில் வரவேண்டும். உறங்காமல் கேட்டுக்கொண்டிருப்பவள் அவள்தான்.

1888 ஜனவரி 12 பனிப்புயலை விட்டுவிட எவருக்கும் மனம் வராது. காலை இதமாக இருந்து, பிள்ளைகள் பள்ளியிலும் பெரியவர்கள் வயலிலும் இருந்தபோது அது திடீரென வந்தது. இறந்தவர்கள் 235 பேர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அதை அலங்காரத்துக்காகச் சேர்க்காதீர்கள். அன்று நோயினால் வீட்டில் தங்கியவள் பத்திரமாக இருக்க, திடமான அண்ணனும் அக்காளும் வெளியே மாட்டிக்கொண்டார்கள் என்றால், இரக்கத்துக்குரியவர் யார் என்ற வீட்டுக் கணக்கு ஒரே பிற்பகலில் தலைகீழாகும். அதற்காக மட்டும் பயன்படுத்தலாம்.

அந்த நிலம் ஆளில்லா நிலமாக இருந்ததாகவும் எழுதிவிடக் கூடாது. நெப்ராஸ்காவில் வாழ்ந்த பானி என்ற பழங்குடி மக்கள் 1870களில்தான் இன்றைய ஓக்லஹோமாவுக்கு அனுப்பப்பட்டார்கள். கதையை மாநிலத்தின் வடகிழக்குக்கு நகர்த்தினால், 1889இல் பிலடெல்பியாவில் மருத்துவப் பட்டம் பெற்று, ஒமாஹா பழங்குடி மக்களுக்கும் வெள்ளையர்களுக்கும் வைத்தியம் பார்த்த ஒமாஹா இனப் பெண் மருத்துவர் சூசன் லா ஃப்ளெஷ் பிக்காட்டை நினைவில் வையுங்கள். மூன்று ஆண்டு முன்னதாக, 1886இல், அதே கல்லூரியில் பட்டம் பெற்றவர் நம் நாட்டின் ஆனந்திபாய் ஜோஷி.

சொற்களிலும் கவனம் தேவை. கதைமாந்தர் எவரும் ‘வால்வு’, ‘தொற்று’, ‘கிருமி’ என்று பேசவேண்டாம். ‘வாதக் காய்ச்சல்’, ‘வளர்ச்சி வலி’, ‘நெஞ்சு பலவீனம்’, ‘நீர்க்கோவை’ போன்ற சொற்களே அவர்களுக்குரியவை. காசநோய் வந்தால் ‘சயரோகம்’ என்ற நம் பழைய சொல்லே அக்காலத்துக்கு ஒலிக்கும்.

ஆதாரங்களில் முதலாவது புகைப்படம். சாலமன் புட்சர் 1886 முதல் கஸ்டர் மாவட்டக் குடும்பங்களை அவர்களுடைய புல்கட்டி வீட்டின் முன்னால் நிறுத்திப் படமெடுத்தார். அவை நெப்ராஸ்கா மாநில வரலாற்றுக் கழகத்தின் சேகரிப்பில் உள்ளன. நாற்காலியில் அமர்ந்திருப்பது யார், நிற்பது யார் என்று ஒவ்வொன்றிலும் பாருங்கள். இரண்டாவது 1880 கணக்கெடுப்பு: அதிகாரி வந்த நாளில் வீட்டில் எவரேனும் நோயுற்றிருந்தால் அந்த நோயின் பெயரை எழுத அதில் தனிக் கட்டம் உண்டு. மூன்றாவது, தேசிய ஆவணக் காப்பகத்திலுள்ள நிலக் கோப்புகள். வீட்டின் நீள அகலம், உழுத ஏக்கர், கிணறு, கொட்டகை எல்லாம் அவற்றில் இருக்கும்.

அந்தக் கோப்பில் ஐந்தாண்டு முடிவில் உரிமையாளர் அளிக்கும் வாக்குமூலமும் இருக்கும், அண்டை வீட்டார் இருவரின் சாட்சியமும் இருக்கும். உங்கள் இறுதிக் காட்சியை அங்கே அமைக்கலாம். நிலத்தை விட்டு எப்போது, எதற்காக விலகியிருந்தீர்கள் என்று ஒரு கேள்வி. உங்கள் குடும்பத்தில் யார் யார் என்று இன்னொரு கேள்வி. இரண்டாவதற்குப் பெயர்கள் தேவையில்லை, மனைவியும் இத்தனை பிள்ளைகளும் என்றால் எழுத்தர் எழுதிக்கொள்வார். அந்தத் தந்தை சொல்லப்போகும் எண் ஐந்தா நான்கா என்பதை, முதல் வரியை எழுதுவதற்கு முன்பே நீங்கள் முடிவு செய்திருக்க வேண்டும்.