பெல்ட் நிறத்தை வைத்து ஆளை எடைபோடாதீர்கள்

கராத்தே, ஜூடோ போன்ற தற்காப்புக் கலை வகுப்புகளில் பெல்ட்டை முறுக்கிக் கட்டுவது, இரண்டு முனையும் சமமாகத் தொங்காமல் விடுவது போன்றவற்றை முதல் வாரத்திலேயே யாராவது திருத்திவிடுவார்கள். அதை விடுங்கள். நிறங்களுக்கு அர்த்தம் சொல்லும்போதுதான் நாங்கள் படித்த காலத்துத் தவறுகளையே புதியவர்களும் வரிசை மாறாமல் செய்கிறார்கள்.

ஒரு கலையின் பட்டியலை இன்னொரு கலைக்குப் பொருத்துவது

வெள்ளை என்றால் களங்கமின்மை, மஞ்சள் மண், பச்சை வளரும் செடி, நீலம் வானம், சிவப்பு ஆபத்து, கறுப்பு முதிர்ச்சி. பல பயிற்சிக்கூடங்களின் சுவரில் தொங்கும் இந்தப் பட்டியல், ஜெனரல் சோய் ஹாங் ஹி வகுத்த டேக்வாண்டோவுக்கு உரியது. அங்கே இது பாடத்தின் ஒரு பகுதி, மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும். சரி. ஆனால் இதைத் தூக்கிக்கொண்டு கராத்தே டோஜோவுக்கும் (பயிற்சிக்கூடம்) ஜூடோ பயிற்சிப் பாய்க்கும் போனால் வம்புதான்.

சிவப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். டேக்வாண்டோவில் அது கறுப்புக்கு முந்தைய நிறம். கட்டியிருப்பவர் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ள வேண்டும், எதிரே நிற்பவர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பது அதன் பொருள். ஜூடோவில் 9, 10ஆம் டான் (கறுப்பு பெல்ட்டிலிருந்து தொடங்கும் தரப்படி) பெற்ற மூத்தவர்களுக்கு உரியது. ஷோட்டோகான் என்ற கராத்தே பிரிவின் சில பள்ளிகளிலோ, சேர்ந்து சில மாதமே ஆன பிள்ளைகள் கட்டுவது.

பல பள்ளிகள் சேர்ந்து நடத்திய ஒரு முகாமில் அப்படிப்பட்ட சிவப்பு பெல்ட் பையன் ஒருவன் வந்திருந்தான். ஸ்பாரிங்குக்கு (பயிற்சிச் சண்டைக்கு) ஜோடி சேர்த்தவர் டேக்வாண்டோ படித்தவர். பெல்ட்டைப் பார்த்தார், கறுப்புக்கு ஒரு படி கீழே என்று முடிவுகட்டி, நல்ல அனுபவசாலியின் எதிரே நிறுத்திவிட்டார். முதல் சுழல் உதையிலேயே பையன் விழுந்தான். கையை இறக்கித் தடுக்கக்கூட அவனுக்கு இன்னும் சொல்லித்தரவில்லை. விலா எலும்பில் விரிசல். குணமான பிறகும் பயிற்சிக்குத் திரும்பவில்லை. ஜோடி சேர்த்தவரிடம் கேட்டதற்கு, "சிவப்பு பெல்ட்தானே கட்டியிருந்தான்?" என்றார். இன்றைக்கும் அந்தப் பதிலை நினைத்தால் எரிச்சல் வருகிறது. "எத்தனை மாதமாகப் படிக்கிறாய்? ஸ்பாரிங் செய்திருக்கிறாயா?" என்று இரண்டு கேள்வி கேட்க அரை நிமிடம் ஆகியிருக்குமா?

சிவப்பு மட்டும் இல்லை, மற்ற நிறங்களும் இப்படித்தான். டேக்வாண்டோவில் பச்சைக்கு மேலே நீலம். கியோகுஷின் கராத்தேயில் நீலத்துக்கு மேலே மஞ்சள், அதற்கும் மேலே பச்சை. பிரேசிலியன் ஜியு-ஜிட்சுவில் பெரியவர்களுக்கு வெள்ளைக்கு அடுத்ததே நீலம்தான். இரண்டாவது பெல்ட்தானே என்று அலட்சியமாகக் கைகொடுத்தால், கழுத்துப் பிடியில் மாட்டிய பிறகுதான் உறைக்கும்.

துவைக்காமல் வைத்திருப்பது

வெள்ளை பெல்ட் வியர்வையும் அழுக்கும் ஏறி ஏறிக் கறுப்பானது என்று ஒரு கதை உண்டு. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் கட்டுக்கதை. 1882இல் ஜூடோவின் முதல் பள்ளியான கோடோகானைத் தொடங்கிய ஜிகோரோ கானோ, அடுத்த ஆண்டே டான் தரங்களைக் கொடுக்க ஆரம்பித்தார். டான் பெற்றவர்களைத் தனியாகக் காட்டப் பின்னர் வந்த அடையாளம்தான் கறுப்பு பெல்ட். சாயம் போட்ட துணி, அவ்வளவுதான். பயிற்சிப் பாயில் உருளும் கலைகளில் தோல் தொற்று சகஜம். துவையுங்கள்.

எல்லா நிறமும் ஆதிகாலத்தவை என்று நம்புவது

கராத்தேக்கு டான் தரமே ஜூடோவிலிருந்து வந்ததுதான். ஜப்பானில் கராத்தேயைப் பரப்பிய ஃபுனகோஷி 1924இல்தான் அதைக் கொடுக்கத் தொடங்கினார். மஞ்சள், ஆரஞ்சு, பச்சை என்று வானவில்லாக விரிந்ததில் ஐரோப்பிய ஜூடோவுக்குப் பெரிய பங்கு உண்டு. 1935இல் பாரிஸுக்கு வந்த ஜப்பானிய ஜூடோ ஆசிரியர் கவாய்ஷி அந்த முறையைப் பரப்பியவர்களில் முக்கியமானவர். தொடக்க மாணவர்கள் சலித்து விலகாமல் இருக்க, சின்னச் சின்னப் படிகள் தேவைப்பட்டன. விதை, தளிர், வானம் போன்ற விளக்கங்களை அந்த நிறங்களின் மேல் பிற்பாடு ஏற்றியவைதான் அதிகம்.

கறுப்பு கிடைத்தால் முடிந்தது என்று நினைப்பது

அது முதல் டான். ஜூடோவில் பத்தாவது வரை இருக்கிறது.

நிறம் இல்லாதவரைக் குறைத்து மதிப்பிடுவது

ஜப்பானிய வாள் கலையான கெண்டோவில் தரத்தைக் காட்டும் பெல்ட்டே கிடையாது. பல அய்கிடோ டோஜோக்களில் முதல் டான் வரை பெரியவர்கள் எல்லோருக்கும் வெள்ளைதான். உங்களோடு ஜோடி சேரும் வெள்ளை பெல்ட்காரர், அடுத்த மாதம் டான் தேர்வுக்குப் போகிறவராகவும் இருக்கலாம்.